விடியக்காலம் எத்தன டிகிரி

எனக்கு மீனுன்னா கொழம்புச் சட்டியில இருக்கணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள விட்டு, லைட்டப் போட்டு, பேரு வச்சு, அது மூஞ்சிய நம்ம பாக்க நம்ம மூஞ்சிய அது பாக்க உக்காந்திருக்குறதெல்லாம் வேலையத்த வேல. இத நான் வாயத் தொறந்து சொன்னதில்ல. யாருகிட்ட சொல்றது? மாப்ளைகிட்டயா?

மாப்ள பேரு பிரதாப். கொட்டாஞ்சேனை ஆளு. எம்மக சுலக்ஷனாவக் கட்டிக்கிட்டு, கொழும்ப விட்டுட்டு மலமேல ராகலைக்கு எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. மகளுக்கு இங்க ஸ்கூல்ல டீச்சர் வேல. அவருக்குக் கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குற வேல, எங்க உக்காந்தும் செய்யலாமாம். ஊருல சும்மா இருப்பாங்களா? "என்ன நாகு, வீட்டோட மாப்ளயாப் புடிச்சிட்ட போல"ன்னு பஸ் ஸ்டாண்டுல வச்சே ஒருத்தி கேட்டா. "ஆமா, ஒனக்கும் ஒண்ணு பாக்கட்டா"ன்னேன். அதுக்கப்பறம் யாரும் கேக்கல.

வெளிய வாய் அப்படி. உள்ளுக்குள்ள பயந்தான். எனக்கு இருக்குறது அவ ஒருத்தி. அவ அப்பா போயிச் சேந்துட்டாரு. நான் தோட்டத்துப் புள்ள மடுவத்துல ஆயாவா இருந்தவ. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க விட்டுட்டுப் போற கைப்புள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் தொடச்சு, தொட்டி ஆட்டி, தூக்கி எறக்கி, முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. இப்ப நாலு எட்டு நடந்தா உக்காரத் தோணுது. உக்காந்தா எந்திரிக்கத் தோண மாட்டேங்குது. எல்லாமே அலுத்துப் போச்சுங்க. காலைல அவ சீலையக் கட்டிக்கிட்டு, கொண்டைய ஒரு தட்டுத் தட்டிக்கிட்டு, "வர்றேம்மா"ன்னு படியிறங்கிப் போறதப் பாக்குறது ஒண்ணுதான் எனக்கு அலுக்கல. இந்தக் குளுரு ஒத்துக்காம மாப்ள "வா, கொழும்புக்கே போவோம்"னு கெளம்பிட்டாருன்னா, அவளும் பின்னாடியே போயிருவா. நான் இந்த ஏழு பேர்ச் நெலத்து வீட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். அதனால அவரு எது செஞ்சாலும் எனக்குச் சரி. தலகீழா நின்னாலும் சரி.

அப்படி இருக்கையிலதான் ஒரு நாளு லொறியில தொட்டி வந்து எறங்குச்சு. நாலடி நீளம், என் இடுப்பு ஒசரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு. தண்ணி மட்டுமே முந்நூறு லீட்டர் புடிக்குமாம். கொழும்பு வீட்டுல வச்சு வளத்ததாம். டி.வி. இருந்த எடத்துல, வாசக்கதவுக்கு நேரா, வர்றவங்க கண்ணுல மொதல்ல படுற மாதிரி வச்சாரு. டி.வி. என் ரூமுக்குப் போச்சு. உள்ள மூணு மீனு, ஆஸ்கார்னு பேராம். ஒவ்வொண்ணும் என் கையகலத்துக்குப் பெருசு. கறுப்பா, செவப்புத் திட்டு திட்டா, பெரிய ஒதட்டோட. தடியன், கறுப்பி, சின்னவன்னு பேரு வச்சிருந்தாரு.

"எப்படி இருக்கு அத்தை?"ன்னு கேட்டாரு.

"லச்சணமா இருக்குங்க மாப்ள"ன்னேன். வேற என்ன சொல்றது!

கார்த்திகை மாசம் குளுரு எறங்க ஆரம்பிச்சதும் மூணும் அடியில போயிப் படுத்துருச்சு. தீனியப் போட்டா திரும்பிப் பாக்கல. தடியன் ஒரு பக்கமாச் சாஞ்சே கெடந்தான். மாப்ள ஒரு ஸ்டூலப் போட்டு முன்னாடி உக்காந்துட்டாரு. சோறு கொண்டு போயிக் குடுத்தேன், கையில வாங்கி வச்சிக்கிட்டே சொன்னாரு:

"இதுங்களுக்கு இந்த ஊரு சரிவராது போல அத்தை."

மீனுக்குச் சரிவராதுன்னு சொல்ற வாயி, நாளைக்குத் தனக்கும் சரிவராதுன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? சுவட்டருக்கு மேல சுவட்டர் போட்டுக்கிட்டு, தொப்பியும் மாட்டிக்கிட்டுத்தான் அந்த மனுசன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தாரு. அன்னைக்கே முடிவு பண்ணுனேன். இந்த மூணு சனியனும் உசுரோட இருக்கணும். இதுங்க இருந்தாத்தான் அவரு இருப்பாரு, அவரு இருந்தாத்தான் எம்மக இருப்பா.

"அதுக்கென்ன மாப்ள, தண்ணியச் சூடு பண்றதுக்கு ஏதாச்சும் இருக்கும்ல?"ன்னு நானே எடுத்துக் குடுத்தேன்.

இருக்குன்னாரு. ஹீட்டராம். தண்ணிக்குள்ளயே போட்டு வைக்கிற கண்ணாடிக் குழா. நமக்கு எத்தன டிகிரி வேணும்னு தலப்பக்கம் திருகி வச்சா, அந்தச் சூடு வந்ததும் அதுவா அணையும், கொறஞ்சா அதுவா பத்தும். கொழும்புக் கடை ஒண்ணுல ஒன்லைன்ல சொல்லி எடுத்தாரு. நூறு வோட்ஸ். அவங்க ஊருல அது ரொம்பப் பெருசாம்.

இங்க வந்து அது ராப்பகலா எரிஞ்சுச்சு. செவப்பு லைட்டு ஒரு நிமிசம் அணையல. அணையலன்னா நல்லா வேல செய்யுதுன்னு நான் நெனச்சேன். அப்படியில்லையாம், எம்புட்டு எரிஞ்சாலும் வேண்டிய சூட்டுக்கு வந்து சேர முடியலன்னு அர்த்தமாம். எனக்கு அந்தக் குழாயப் பாத்துப் பாவமா இருந்துச்சு. என் முழங்காலும் அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு.

ரெண்டு வாரம் தாங்குச்சா, இல்லையான்னு ஞாபகமில்ல. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், தடியனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்து ஒரு ஓட்டம் ஓடுனான் பாருங்க, வால வீசி அந்தக் குழாய்மேலயே ஒரு அடி. டொக்குன்னு கீறல் விட்டுருச்சு. மாப்ள பதறிப்போயி சட்டக் கைய மடிச்சுவிட்டுட்டுத் தண்ணிக்குள்ள கைய விடப் போறாரு!

"மாப்ள! பிளக்கப் புடுங்குங்க மொதல்ல! கைய எடுங்க!"

நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாயே கொலச்சிருச்சு. அதுக்குள்ள டிரிப் சுவிட்சும் விழுந்து, வீடே இருட்டிப் போச்சு. அவரு வெளிறிப் போயித் தரையிலயே உக்காந்துட்டாரு. எனக்கு மாப்ளைய அதட்டிட்டோமேன்னு ஒரு பக்கம், ஒரு நொடி பிந்தியிருந்தா எம்மக தாலின்னு ஒரு பக்கம். மக சுலா ரூமுக்குள்ளயிருந்து ஓடி வந்தா. அவரு தோளப் புடிச்சிக்கிட்டே, "இதுங்கள கொழும்புலயே யாருக்காச்சும் குடுத்துட்டு வந்திருக்கலாம்"னு சொன்னா. பயத்துல பேசுறான்னு நெனச்சேன்.

மறுநாளு நுவரெலியாவுக்குக் கெளம்புனாரு. நானும் வர்றேன்னுட்டேன். பஸ்ஸுல அந்த வளைவுகளுக்கு என் முழங்கால் என்ன பாடுபட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா அவரத் தனியா விட்டா, போற வழியில மனசு மாறி கொழும்பு பஸ்ஸுல ஏறிருவாரோன்னு ஒரு கிறுக்குப் புத்தி.

மார்க்கெட்டுக்குப் பின்னாடி இல்ஹாம் நானான்னு ஒருத்தரோட வளப்பு மீன் கடை. நாப்பது வயசு இருக்கும், கம்பளித் தொப்பி போட்ட ஆளு. என்னயப் பாத்ததும் ஒரு முக்காலிய இழுத்துப் போட்டு "உக்காருங்க அம்மா"ன்னாரு. அதுக்கே அந்த மனுசன் நல்லவருன்னு எனக்குத் தோணிருச்சு.

"தொட்டி எத்தன லீட்டர்?"

"முந்நூறு"ன்னாரு மாப்ள. "பெரிய ஹீட்டரா ஒண்ணு குடுங்க. முந்நூறு வோட்ஸ்ல."

"ஒண்ணா வாணாம். ரெண்டா எடுங்க, சின்னதா"ன்னாரு இல்ஹாம். "ஒரே பெருசு போட்டா, அது அணையாம மாட்டிக்கிட்டா மீனெல்லாம் வெந்து போகும். பத்தாம நின்டுட்டா ஒரே ராவுல வெறச்சுப் போகும். ரெண்டு போட்டா ஒண்டு மக்கர் பண்ணினாலும் மத்தது தாங்கும். ஒண்டு இந்தக் கோடியில, ஒண்டு அந்தக் கோடியில. தண்ணி ஓடுற எடமா பாத்து வைங்க, இல்லாட்டி ஒரு மூலதான் சுடும்."

"தடியன் ஒடச்சிருவானே"ன்னு நான் கேட்டேன்.

அவருக்கு யாரு தடியன்னு வெளங்கல. அது மீனு பேருன்னு மாப்ள சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. "ஆஸ்காருக்கா? அதுக்குக் கூடு போட்டது ஈக்கி"ன்னு இல்ஹாம் (இருக்குங்கறதுக்கு அவரு ஈக்கிம்பாரு) குழாயச் சுத்திப் பிளாஸ்டிக் சட்டம் போட்டத எடுத்து வச்சாரு. அப்பறந்தான் முக்கியமான கேள்விய கேட்டாரு.

"ஒங்கட வீட்டு ஹோல் எவ்வளவுக்குக் குளிரும்? லீட்டர மட்டும் பாத்துப் போட ஏலாது. தண்ணிக்கி இருவத்தாறு வேணும். வீடு எத்தனையில ஈக்கிதோ, அங்கயிருந்து இருவத்தாறுக்கு அது தூக்கணும்."

"பதினெட்டு. நான் அளந்து பாத்தேன்"னாரு மாப்ள.

"அப்ப நூத்தம்பது ரெண்டு போதும்."

வாங்கிட்டு வந்து மாப்ள பக்குவமா மாட்டுனாரு. தண்ணிக்குள்ள வச்சு, கொஞ்ச நேரம் ஆற விட்டுத்தான் கரண்டு குடுக்கணுமாம். ஹீட்டர் தலையில உள்ள நம்பர நம்பக் கூடாதுன்னு தனியா ஒரு டிகிரிக் கண்ணாடியும் ஒட்டுனாரு. சாயந்தரத்துக்குள்ள இருவத்தாறு. செவப்பு லைட்டு ரெண்டும் அணஞ்சு அணஞ்சு பத்துச்சு. மூணு மீனும் மேல வந்து தீனி கேட்டு வாயப் பொளக்குது. கறுப்பி என்னயப் பாத்தா கண்ணாடியோரமாவே கூட வருவா, நான் அடுப்படிக்குப் போற வரைக்கும். ச்சீ போ கழுதன்னு சொல்லுவேன். ஆனா ஒரு சந்தோசந்தான்.

மார்கழி பொறந்துச்சு. எல்லாம் மாறிப் போச்சு.

சாயந்தரம் பாத்தா இருவத்தாறு. காலைல மாப்ள எந்திரிச்சு வந்து பாத்தா இருவத்திரெண்டு. அவரு ராத்திரி பிந்திப் படுக்குற ஆளு, ஏழரைக்கு மேலதான் கண்ணு முழிப்பாரு. வந்து பாத்துட்டு "ச்சே"ன்னு நிப்பாரு. பகல்ல ஏறும், விடிஞ்சா எறங்கும். அப்படி ஏறி எறங்குறதுதான் மீனுக்கு ரொம்பக் கெடுதியாம். சின்னவன் மேலெல்லாம் உப்புத் தூவுன மாதிரி வெள்ளப் புள்ளி கெளம்புச்சு. மருந்து போட்டாரு. ஹீட்டர் பழுதுன்னு ஒண்ணத் தூக்கிக்கிட்டு நுவரெலியாவுக்குப் போனாரு. இல்ஹாம் ஒரு பேச்சுப் பேசாம மாத்திக் குடுத்திருக்காரு. அதுவும் அப்படித்தான்.

சின்னவன் செத்து மெதந்த அன்னைக்கு மாப்ள எங்கிட்டப் பேசல, சுலாகிட்டயும் பேசல. பின்னாடி கோவாக் கோசு நட்ட பாத்தியில குழி வெட்டிப் பொதச்சிட்டு வந்து, லேப்டாப்ப மூடி வச்சிட்டுப் படுத்துட்டாரு. சுலா பரீட்சப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. தலைய நிமித்தல. "நீயாச்சும் ரெண்டு வார்த்த ஆறுதலாச் சொல்லேன்டி"ன்னேன். "என்னத்தம்மா சொல்றது, மீன்தானே"ன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. புருசன் மனசு ஒடஞ்சு கெடக்குறான், இவளுக்குப் பேப்பர் பெருசாப் போச்சான்னு.

எனக்கு ஓஞ்சு போச்சு. இந்த வயசுல மீனுக்கும் மருமகனுக்கும் நடுவுல நின்னு காவக் காக்கணும்னு எந்தலையில எழுதியிருக்கு பாருங்க.

மார்கழியில எங்களுக்கு ஒரு பழக்கம். எங்கம்மா தோட்டத்து லயத்துக் காம்பராவுல இருக்கையில செஞ்சது, நானும் செய்றேன். விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு, வாசத் தெளிச்சு, கோலம் போட்டு, வெளக்க ஏத்தி, வாசக்கதவ ரெண்டு பக்கமும் அகலத் தொறந்து வச்சிரணும். கோயில்லயிருந்து பஜனை வரும். அது வீட்டத் தாண்டிப் போயி, வெயிலு படியில விழுகுற வரைக்கும் கதவச் சாத்தக் கூடாது. மகாலட்சுமி உள்ள வர்ற நேரம். அம்மா சாகுற வருசங்கூட கம்பளியப் போத்திக்கிட்டு ஒக்காந்து கதவத் தொறந்தே வச்சிருந்துச்சு. மாப்ள எந்திரிக்கிறதுக்குள்ள நான் கதவச் சாத்தி, அடுப்பப் பத்த வச்சு, தேத்தண்ணியும் ஊத்தியிருப்பேன்.

சின்னவன் செத்து அடுத்த நாளோ அதுக்கடுத்த நாளோ, பஜனை வந்துச்சு. செல்லசாமி அண்ணன்தான் முன்னாடி, கழுத்துல மேளம். கோலத்துக்கிட்ட நின்னு, திருநீறு வாங்கிப் பூசிக்கிட்டு, உள்ள எட்டிப் பாத்தாரு.

"ஏம் நாகு, ஒங்க வீட்டு மீனுக்குச் சுவட்டர் போட்டு விடல? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க. ஹாலுக்குள்ள பனி மூட்டம்ல கெடக்கு!"

எல்லாரும் சிரிச்சிக்கிட்டே போயிட்டாங்க. நான் திரும்பிப் பாத்தேன். வெளிய இருந்த பனி அம்புட்டும் வாசப்படியத் தாண்டி உள்ள வந்து, நேரா தொட்டி மேலதான் போயி நிக்குது. தொட்டிக்கு மூடியுமில்ல. ஹீட்டர் ரெண்டுலயும் செவப்பு லைட்டு விடாம எரியுது. தடியனும் கறுப்பியும் ஒரு ஹீட்டருக்குப் பக்கத்துல ஒண்டிக்கிட்டு நிக்குதுங்க. கறுப்பி என்னயப் பாத்து வரல.

அடப் பாவி, நாந்தானா? தொட்டியில கைய வச்சேன், ஐஸு. மாப்ள அளந்தது சாயந்தரம், அடுப்பெரியுற நேரம், கதவு சாத்தியிருக்குற நேரம். நான் விடியக்காலக் குளுரு அம்புட்டையும் உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சிருக்கேன்.

கதவுல கைய வச்சேன். சாத்த மனசு வரல. அம்மா ஞாபகம். ஏதாச்சும் கெட்டது நடந்துருமோன்னு பயம். அப்பறம் சின்னவன் வெள்ளையா மெதந்தது ஞாபகம் வந்துச்சு. தாயே, நீ வேணும்னா கதவத் தட்டிட்டு வான்னு மனசுக்குள்ள சொல்லிட்டு, ரெண்டு கதவையும் இழுத்துச் சாத்தி தாப்பாளப் போட்டேன். மார்கழியில இருட்டோட கதவு சாத்துனது எம் பொறப்புல அதுதான் மொத தடவ.

மாப்ள எந்திரிச்சதும் சொல்லிட்டேன். மறைக்கத் தெரியாது எனக்கு. "மாப்ள, ஹீட்டர் மேல குத்தமில்ல. எம்மேலதான். நாந்தான் விடியக்காலம் கதவத் தொறந்து போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். சின்னவன் போனதுக்கும் நாந்தான் காரணம். இனித் தொறக்கல, சாத்திட்டேன்"னேன். திட்டட்டும்னுதான் நின்னேன்.

அந்த மனுசன் கொஞ்ச நேரம் என்னையும் கதவையும் பாத்துட்டுச் சிரிச்சாரு. மறுநாளு என் கூடவே எந்திரிச்சாரு! போர்வையச் சுத்திக்கிட்டு, டிகிரிக் கண்ணாடியக் கையில வச்சிக்கிட்டு, "தொறங்க அத்தை"ன்னாரு. தொறந்தேன். தொட்டிக்குப் பக்கத்துல புடிச்சுக்கிட்டே நின்னாரு. பஜனை வந்து போற வரைக்கும் நின்னாரு.

"பத்து"ன்னாரு. "சாயந்தரக் குளுரப் பாத்து வாங்கிட்டோம் அத்தை. விடியக்காலக் குளுரப் பாத்திருக்கணும். பத்துலயிருந்து இருவத்தாறுக்குத் தூக்கணும்னா முந்நூறுல ரெண்டு வேணும். மேல மூடியும், பின்னாடி குளுரு ஏறாம ரெஜிபோம் அட்டையும் போட்டா நிக்கும்."

"அதெல்லாம் எதுக்குங்க? கதவச் சாத்திட்டாப் போகுது."

"வேணாம் அத்தை. உங்க கதவு தொறந்தே இருக்கட்டும். மீனுக்காக வீட்டு வழக்கத்த மாத்தக் கூடாது. கொழும்புல நான் பஜனையே கேட்டதில்ல. நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருசம் நானும் கூடப் போகப் போறேன்." அப்பறம் பின் செவுத்தத் தட்டிக் காட்டி, "இங்க ஒரு ரூம் எறக்கணும். உங்களுக்கு முழங்கால் வலி, பாத்ரூம் உள்ளயே வர்ற மாதிரி"ன்னாரு.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. இவரப் போயா ஓடிப் போயிருவாருன்னு சந்தேகப்பட்டேன்! பெத்த மகன்கூட இப்படி இருக்க மாட்டான். அன்னைக்குக் காலையிலேயே அவரு நுவரெலியா பஸ்ஸப் புடிச்சிட்டாரு. ஸ்கூல் லீவு, சுலா அடுப்படியில தேங்கா திருவிக்கிட்டு இருந்தா. நான் முழங்கால் வலியெல்லாம் மறந்து அவகிட்டப் போயி உக்காந்தேன்.

"இனி எனக்கு ஒரு கவலையுமில்லடி. மாப்ள எங்கயும் போக மாட்டாரு. ரூம் கட்டப் போறாராம்."

அவ திருவுறத நிப்பாட்டுனா. "தெரியும்மா. எங்கிட்டயும் சொன்னாரு."

"என்னடி, சந்தோசமில்லாம சொல்ற?"

அப்பறம் தேங்காயையே பாத்துக்கிட்டுச் சொன்னா. "நீ கதவத் தொறக்குற சத்தம் எனக்குத் தெனமும் கேக்கும்மா. சின்னதுலயிருந்து கேக்குறேன். தொட்டி ஏன் குளுருதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

எனக்கு வெளங்கல. "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? ஒரு உசுரு போயிருச்சேடி!"

"சொன்னா நீ சாத்தியிருப்ப. மீன் பொழச்சிருக்கும். அவரு இங்கயே இருந்திருப்பாரு." இப்பதான் என் மூஞ்சியப் பாத்தா. "அவரே அலுத்துப் போயி, வா போவோம்னு சொல்லட்டும்னு இருந்தேன். நான் கேட்டுக் கேட்டு ட்ரான்ஸ்பர் வாங்கிட்டேம்மா. ஜனவரியில கொழும்புல ஸ்கூல். அவருக்கு இன்னும் தெரியாது. அவரு வாயால வந்துச்சுன்னா நீ அவரத் திட்டுவ. என்னய வெறுக்க மாட்ட."

அடுப்புல பானை கொதிச்சுச் சிந்துது. ரெண்டு பேரும் எறக்கல.

"நான் என்னடி செஞ்சேன் ஒனக்கு?"

"ஒண்ணும் செய்யல. நீ நல்லாத்தான் பாத்துக்குற. பாத்துக்கிட்டே இருக்க. படியிறங்கிப் போறப்ப முதுகுல ஒங்கண்ணு இருக்கும். வந்தா வாசல்ல நிக்கிற. எனக்கு மூச்சு முட்டுதும்மா. ஒனக்கு இருக்குறது நான் ஒருத்தின்னு யாரு வந்தாலும் சொல்ற. அந்த ஒருத்தியா இருந்து எனக்கு அலுத்துப் போச்சு." சொல்லி முடிச்சிட்டு, வாயப் பொத்திக்கிட்டா.

ஓங்கி ஒண்ணு விடலாம்னு கை வந்துச்சு. விடல. என்னத்தச் சொல்லித் திட்டுறது? கண்ணுக்குக் கீழ அவளுக்குக் கறுவளையம். இத்தன நாளா அது ஸ்கூல் வேலையினாலன்னு நெனச்சிருந்தேன். என் வயித்துல பொறந்தவ, எனக்குச் சொல்ல பயந்து ஒரு மீனச் சாக விட்டிருக்கா. எம்புட்டு பயந்திருக்கணும்! எந்திரிச்சு பானைய எறக்கி வச்சேன்.

"இத அவருகிட்ட சொல்லாத"ன்னேன். "கதவு விசயம் தெரிஞ்சா ஒன்ன மன்னிக்க மாட்டாரு. வாய மூடிக்கிட்டு இரு."

மத்தியானத்துக்கு மேல மாப்ள வந்தாரு. நனஞ்சு போயி, கையில ரெண்டு பெட்டி, கக்கத்துல மூடிக்குப் பிளாஸ்டிக் சீட்டு. சின்னப் புள்ளையாட்டம் சிரிப்பு. "அத்தை, முந்நூறு ரெண்டு. இரும்புக் கூடு போட்டது. தடியன் தலைகீழா நின்னாலும் ஒடைக்க முடியாது!"

சுலா அடுப்படி வாசல்ல நின்னா. நான் அவளப் பாக்கல. பாத்தா எனக்கு வாய் வராது.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும்"னேன். "நீங்க ரெண்டு பேரும் கொழும்புக்கே போயிருங்க. அவளுக்கு ட்ரான்ஸ்பர் போடச் சொல்லி நாந்தான் உசுர எடுத்தேன். கெடச்சிருச்சாம். எனக்கு இந்தத் தொட்டியும் வயரும் ராப்பகலா எரியுற லைட்டும் ஒத்துவரல. எனக்கு வயசாச்சு. என் வீட்டுல நான் நிம்மதியா இருக்கணும்."

அவருக்குச் சிரிப்பு அப்படியே மூஞ்சியில நின்னுருச்சு. "கதவத் தொறந்தே வைக்கச் சொன்னேனே அத்தை"ன்னாரு.

"அது என் வீட்டுக் கதவு மாப்ள. நீங்க சொல்லித் தொறக்கவா?"

இதெல்லாம் எங்கிருந்துதான் வந்துச்சோ என் வாயில. அவரு கையிலிருந்த பெட்டியையும் கீழ வைக்கல. ரொம்ப நேரம் தொட்டியப் பாத்துக்கிட்டு நின்னுட்டு, "சரிங்க அத்தை. போற வரைக்கும் இதுங்க குளுருல கெடக்க வேணாமே"ன்னு சொல்லிட்டு, பழைய ரெண்டுக்கும் பிளக்கக் கழட்டுனாரு. கீழ மண்டி போட்டு உக்காந்து, புதுசப் பிரிச்சு, ஒண்ண இந்தக் கோடியில ஒண்ண அந்தக் கோடியில மாட்டுனாரு. "இந்த வயரக் கொஞ்சம் புடிங்க"ன்னாரு, என்னய நிமிந்து பாக்காம. புடிச்சேன்.

அடுப்படி வாசல்ல சுலா தேம்பித் தேம்பி அழுதா. அம்மாவ விட்டுட்டுப் போறதுக்கு அழுகுறான்னு அவரு நெனச்சிட்டாரு. "அழாத சுலா, உங்கம்மா சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நாம சித்திர வருசப் பொறப்புக்கு வந்து பாத்துக்கலாம்"னு அவளச் சமாதானப்படுத்துனாரு. நான் வயரப் புடிச்சிக்கிட்டே நின்னேன்.